நூற்றுக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று

புக்கிட் பாத்தோக் மூவறை வீடு.
திரு. கோ கொண்டுவந்த வரைபடம்
நகலின் நகலின் நகல்.
எந்த ஆண்டோ, எந்த இயந்திரமோ
நூற்றில் மூன்று பங்கைத் தின்றுவிட்டிருந்தது.
'அளந்து பார்க்காதே, எழுதிய எண்ணை நம்பு' என
ஓரத்தில் ஒரு முத்திரை.
அந்தத் தாளில் பொய் சொல்லாதது
அடியில் கிடந்த கறுப்பு வெள்ளைப் பட்டை மட்டும்;
வீடு சுருங்கியபோது
அதுவும் கூடவே சுருங்கிக்கொண்டது.

உறைக்குள் இன்னொன்றும் இருந்தது.
நகம் வெட்டும் கத்தரியால் வெட்டிய
காகிதச் சக்கர நாற்காலி,
என் சுண்டுவிரல் நகத்தின் அளவு.
நடுவில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி.
"அது சியூ லான்" என்றார்.

விரல்நுனியால் தள்ளிக்கொண்டு போனார்.
படுக்கையறை, கூடம், அடுப்பங்கரை,
குளியலறைக் கதவு.
உள்ளே போனது. திரும்பியது. வெளியே வந்தது.
"பாருங்கள் மிஸ், பேப்பரில் போகிறது.
வீட்டில்தான் போகமாட்டேன் என்கிறது."

உபியில் எங்கள் அலுவலகம்.
கீழ்த்தளத்தில் கார்களுக்குச் சாயம் அடிப்பார்கள்.
தின்னர் நெடியில் தலை வலித்தால்தான்
எனக்குத் திங்கட்கிழமை.

ஐந்து மடங்கு பெரிதாக்க ஒரு விசை போதும்.
அப்போது கிடைப்பது
பூதக்கண்ணாடியில் பார்த்த அதே அறியாமை;
கோடு தடித்திருக்கும், அவ்வளவுதான்.
மறுபடி வரையத்தான் வேண்டும்.
நூற்றுக்கு ஒன்றில் சுவர் என்றால் சுவர்.
இருபதுக்கு ஒன்றில் கேள்வி கேட்கும்:
என்ன கல், எவ்வளவு பூச்சு,
ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே எத்தனை மில்லி.
ஒரு கோடும் ஒரு கால்வட்டமுமாய் இருந்த கதவு
நிலை கேட்கும், கீல் கேட்கும்,
கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்கும்.
என்னிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை நாடாவோடு போனேன்.
தொலைக்காட்சியில் யாரோ யாரையோ
கேன்டனீஸில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
"சாப்பிட்டாச்சா?" என்று மலாயில் கேட்டுவிட்டு
சியூ லான் மறுபடி அதைப் பார்க்கத் தொடங்கினார்.

திறப்பு எழுபது சென்டிமீட்டர்.
நிலை இருபுறமும் மூன்றரை, மூன்றரை.
திறந்தும் விலகாத கதவின் தடிமன் இரண்டு.
மிச்சம் அறுபத்தொன்று.
நாற்காலி அறுபத்திரண்டு.

ஒரு சென்டிமீட்டர்.
நூற்றுக்கு ஒன்றில் அது
ஒரு மெல்லிய கோட்டின் அகலத்துக்குள்
படுத்துத் தூங்கும்.
இருபதுக்கு ஒன்றில் அரை மில்லிமீட்டர்;
தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

நிலையில், தரையிலிருந்து முப்பத்துநான்கில்,
சாயம் உரிந்து மரம் தெரிந்தது.
இரண்டு பக்கமும்.
அதையும் குறித்துக்கொண்டேன்,
எந்தப் படத்திலும் அதற்கு இடமில்லை என்று தெரிந்தும்.

வரைந்து முடித்தாயிற்று.
சுவரில் பத்து சென்டிமீட்டர் உடைக்க வேண்டும்,
வெளிப்புறம் சறுக்கும் கதவு,
பாத்திர அலமாரி இடம் மாற வேண்டும்,
வீவக அனுமதி வர வேண்டும்.
செலவுத் தொகையை முதலாளி சொல்லட்டும்.

புதிதாய் ஒரு நாற்காலியும் வெட்டினேன்:
அகலம் முப்பத்தொரு மில்லி, நீளம் ஐம்பது.
தள்ளிப் பார்த்தேன். போகிறது.

அளவு மாறினாலும் சில பெரிதாவதில்லை.
எழுத்து அதே எழுத்து.
வடக்கு காட்டும் அம்பு அதே அம்பு.
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன்.
ஐந்து மடங்கா?
அதே புள்ளியா?

கீழே ஏதோ ஒரு காருக்கு
இரண்டாவது பூச்சு தொடங்கியிருந்தது.
மூடியை மூடினேன்.
திரு. கோ செவ்வாய்க்கிழமை வருகிறார்.
அவரே வைக்கட்டும்.